வரப்பு உடைஞ்ச அம்பாஸடர்!

தஞ்சாவூரில் பழைய அம்பாஸடர் வைத்திருப்பவனுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது. கார் ஓடிக்கொண்டிருந்தால், "இன்னுமா சார் இதை வச்சிருக்கீங்க?" என்பார்கள். நின்றுவிட்டால், "நான் அன்னிக்கே சொன்னேனே!" என்பார்கள். எது நடந்தாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

எங்கள் வீட்டுக் கார் 1986 மாடல், மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அப்பா 1994-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. நான் சொல்லப்போகிற விஷயம் நடந்த 2016-ல் அதற்கு முப்பது வயது. எனக்கு முப்பத்திரண்டு. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கு ரிடையர்மென்ட் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அம்பாஸடரே போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. 1957-ல் ஆரம்பித்த உற்பத்தியை, கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் 2014 மே மாதம் நிறுத்திவிட்டார்கள்.

"பேரீச்சம்பழத்துக்காவது போடுங்க. டன்னுக்கு மேல இரும்பு இருக்கு, தெருவுக்கே பழம் கொடுக்கலாம்" என்பது அம்மாவின் நிலையான கட்சி. என் மனைவிக்கு ஆல்ட்டோ வேண்டும். நானோ கூட்டணியில் இருந்தும் வாயைத் திறக்காத ரகம்.

அப்பாவின் கட்சிக்கு ஒரே ஒரு பாயின்ட்தான். முழங்கால். எழுபத்தொரு வயது, ரெண்டு முட்டியும் தேய்ந்துபோய், பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவுக்குள் குனிந்து நுழைய முடியாது. புதுக் கார்களில் உட்கார்ந்தால் தரையில் சம்மணம் போட்ட மாதிரி இருக்கிறதாம்; எழுப்ப ரெண்டு ஆள் வேண்டும். அம்பாஸடர் சீட்டு மட்டும் நாற்காலி உயரம். கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், காலை உள்ளே எடுத்து வைத்தார், அவ்வளவுதான். வண்டி போனால் அப்பா வாசல் திண்ணையோடு நின்றுவிடுவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் யாரும் பேசுவதில்லை.

2016 மார்ச் 23, பங்குனி உத்திரம். மன்னார்குடி தாண்டி எங்கள் குலதெய்வம். வருஷக் கடைசியில் லீவு கேட்டதற்கு எங்கள் பேங்க் மேனேஜர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் குலதெய்வமே கொஞ்சம் பயந்திருக்கும். எப்படியோ ஒரு நாள் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். போகும்போது ஒரு குறையும் இல்லை.

திரும்பும்போதுதான் உளுந்து.

டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சம்பா, தாளடி அறுப்பை ஒட்டி வயல் ஈரத்திலேயே உளுந்தைத் தூவிவிடுவார்கள். மார்ச், ஏப்ரலில் செடியைப் பிடுங்கி, களத்துக்குப் பதில் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, கார் எல்லாம் சம்பளம் வாங்காமல் அடித்துக் கொடுக்கும். உளுந்து அவர்களுக்கு. பொட்டும் சருகும் பின்னால் வருகிறவன் ரேடியேட்டருக்கு.

மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் அன்றைக்கு ரோடே கறுப்பு மெத்தை. வடுவூர் ஏரி தெரிகிற இடத்தில் பானெட் இடுக்கிலிருந்து புகை. வண்டி மிஸ் அடித்தது, இழுக்கவில்லை, சைலன்சரில் வெள்ளை வெள்ளையாக ஆவி. அப்பா ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "ஹெட் கேஸ்கட்."

அம்மாவும் ஒரே வார்த்தை சொன்னாள்: "பேரீச்சம்பழம்."

ஒரு மினி லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டார். சாயங்காலமே ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். "எஞ்சினை இறக்கிடலாம் சார். பதினாலாயிரம் ஆகும். ஹெட்டு கிராக் விட்டிருந்தா அதுக்குத் தனி." அம்மா உள்ளே போய்ப் பழைய இரும்புக்காரர் நம்பரைத் தேடினாள். திங்கட்கிழமை வந்து எடை போட்டுக்கொள்வதாக அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். அப்பா டி.வி.யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டி.வி.யில் ஓடினதை அவர் பார்க்கவில்லை என்று ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது.

நான் காலண்டரைப் பார்த்தேன். 25 வெள்ளி, குட் ஃப்ரைடே. 26 நாலாவது சனிக்கிழமை (பேங்குகளுக்கு ரெண்டாவது, நாலாவது சனி லீவு விட ஆரம்பித்து அப்போது ஆறேழு மாசம்தான் ஆகியிருந்தது). 27 ஞாயிறு. மூணு நாள்! அம்மாப்பேட்டை பக்கத்தில் இருக்கிற மாமாவுக்கு போன் போட்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி. விவசாயி. அவருடைய மெக்கானிக் படிப்பெல்லாம் ஃபில்டர் பாயின்ட் மோட்டார் கொட்டகையில்தான். 2012-ல் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. செப்டம்பர் 17 வரை இழுத்தது. கரன்ட்டும் இல்லாத வருஷம். குறுவையைக் காப்பாற்ற மாமா ராத்திரி பகலாக டீசல் எஞ்சினை ஓட்டினார். எஞ்சின் கேஸ்கட்டை ஊதியது. மெக்கானிக் வர நாலு நாளாகும் என்றதும், டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு தானே மாற்றிவிட்டார். அந்த சீசனில் மட்டும் ரெண்டு தடவை.

"ஒத்த சிலிண்டர்ல போட்டவனுக்கு நாலு சிலிண்டர்ல போடத் தெரியாதா மாப்ளே? வர்றேன்" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் டி.வி.எஸ். ஃபிப்டியில் உரச்சாக்கு நிறைய ஸ்பானரோடு வந்து இறங்கினார்.

வந்ததும் முதல் வேலையாக டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாக இருக்கணும். அது பால் கலந்து, நுரையோடு, சாட்சாத் கும்பகோணம் டிகிரி காபி! "ஆயில்ல தண்ணி பூந்திருச்சு" என்றார். அடுத்து பிளக்கைக் கழற்றினோம். ஒண்ணு, ரெண்டு, நாலாம் நம்பர் பிளக்கெல்லாம் கரி படிந்து பழுப்பாக இருந்தன. மூணாம் நம்பர் மட்டும் இப்போதுதான் கடையில் வாங்கின மாதிரி பளபள. நான் சந்தோஷப்பட்டேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "சுத்தமா இருக்கறவன்தான் திருடன். தண்ணி ஆவியாகி ஆவியாகிக் கழுவிவிட்டிருக்கு."

இந்த ஹெட் கேஸ்கட் என்கிற சாமான் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். (ஆல்ட்டோ கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரிந்துகொள்ளும் ஆவலில்.) மாமா சொன்ன விளக்கத்தை அப்புறம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

"வரப்பும்மா அது. கீழே எஞ்சின் பிளாக், மேலே ஹெட்டு. நடுவுல மூணு பேர் ஓடுறான். நெருப்பு ஒருத்தன், தண்ணி ஒருத்தன், எண்ணெய் ஒருத்தன். மூணு பேரும் பக்கத்துப் பக்கத்து வயல்காரன். ஒருத்தன் வயலுக்குள்ள இன்னொருத்தன் போகக் கூடாது. நடுவுல போட்ட வரப்புதான் கேஸ்கட்டு."

அவ்வளவுதான் விஷயம். சிலிண்டருக்குள் வெடிக்கிற நெருப்பு ஒரு கணம் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகும். அரை அங்குலம் தள்ளி ஓடுகிற தண்ணீர் கொதிக்கக் கூடாது. நடுவில் இருப்பது அப்பளத்தை விடக் கொஞ்சம் தடிமனான ஒரு தகடு. செம்பும் கல்நாரும் சேர்த்துச் செய்தது. சூடு அளவு மீறினால் மேலே இருக்கிற இரும்பு ஹெட் லேசாக வளையும். வளைந்த இடத்தில் தகட்டின் பிடி தளரும். தளர்ந்த இடத்தை நெருப்பு அரித்துக்கொண்டு போகும். வெள்ள காலத்தில் வரப்பில் நண்டு வளை இருந்தால் என்ன ஆகும்? அதேதான்.

அப்பா இதையெல்லாம் வாசல் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் பழைய டைரி, பேனா. அப்பா கூட்டுறவு சங்கத்தில் கணக்கர் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கழற்றுகிற ஒவ்வொரு சாமானும் அந்த டைரியில் வரவு ஏறியது.

வேலை இதுதான். பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டர் தண்ணீரையும் பிளாக் தண்ணீரையும் திறந்துவிட வேண்டும். பிளக் ஒயர்களில் 1, 2, 3, 4 என்று பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போட வேண்டும். கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டும். சொல்ல ஒரு வரி. சைலன்சர் குழாயைப் பிடித்திருந்த நட்டுகள் முப்பது வருஷம் நெருப்பில் வெந்து ஸ்டட்டோடு ஐக்கியமாகிவிட்டிருந்தன. நான் ஸ்பானரைப் போட்டுத் தொங்கப் போனேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "முறிச்சுராதே. முறிஞ்சா அதைத் துளை போட்டு எடுக்க ரெண்டு நாள் போயிரும்." ஒவ்வொரு நட்டுக்கும் டீசலை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து, லேசாகத் தட்டி, கால் திருப்பு முன்னால், கால் திருப்பு பின்னால் என்று கொஞ்சிக் கொஞ்சி எடுத்தார். நாலரை மணிக்குக் கடைசி நட்டு வந்தது. எனக்குத் தெரிந்து மாமா அத்தையிடம்கூட இவ்வளவு பொறுமை காட்டினதில்லை.

அப்புறம் மேல் மூடி. உள்ளே ராக்கர். இந்த எஞ்சினில் ஒரு சூட்சுமம். ஹெட்டைப் பிடித்திருக்கிற பெரிய நட்டுகள் 11. அதில் நாலு, ராக்கரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ராக்கருக்கென்று தனியாகச் சின்ன நட்டு ஒரு நாலு. ஒவ்வொன்றாக முழுசும் கழற்றினால் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் அழுத்தி ஹெட் கோணிக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றித் தளர்த்தணும்.

ராக்கரைத் தூக்கினால் கீழே எட்டு புஷ் ராடுகள். எது எங்கே இருந்ததோ அதே இடத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒவ்வொன்றும் அதனதன் ஜோடியோடு தேய்ந்து பழகிவிட்டிருக்கும். அப்பா எழுந்து உள்ளே போய், திருவையாறு அசோகா அல்வா வந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். மூடியில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை முத்து முத்தாக நம்பர் எழுதி, ஒவ்வொரு ராடாகக் குத்தி நிறுத்தினார். பார்க்கக் கொலு மாதிரி இருந்தது.

ஹெட் வரவில்லை. முப்பது வருஷத்து ஒட்டு. ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நெம்பலாம் என்று எதிர் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். (அறிவுரைக்குப் பஞ்சமில்லை என்றேனே.) நெம்பினால் முகத்தில் கீறல் விழும், கீறல் விழுந்தால் புதுக் கேஸ்கட்டும் அதே வழியில் ஊதும். தச்சர் வைத்திருக்கிற கொட்டாப்புளியை இரவல் வாங்கிப் பலகைத் துண்டு கொடுத்து நாலு பக்கமும் தட்டினோம். 'ப்ச்' என்று ஒரு சத்தம். நானும் மாமாவும் மூச்சைப் பிடித்துத் தூக்கினோம். கனத்தைப் பார்த்தால் அம்மாவின் பேரீச்சம்பழக் கணக்கு ஒண்ணும் தப்பில்லை என்று தோன்றியது.

கேஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். மூணாம் சிலிண்டர் வட்டத்திலிருந்து பக்கத்துத் தண்ணி ஓட்டைக்கு, சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான். டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டியைப் படுக்க வைத்தது அந்த நகம் அகலம்.

பழைய கேஸ்கட் மிச்சத்தைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. அது கல்நார். காய்ந்த தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. பிரிட்டனில் 1999-லேயே தடை போட்டுவிட்டார்கள். ஈரத் துணியால் நனைத்துக்கொண்டுதான் சுரண்ட வேண்டும். காற்றடித்து ஊதவே கூடாது. சிலிண்டர் ஓட்டைகளில் துணியை அடைத்துக்கொண்டு, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கமாகப் போன எங்கள் கிளை கேஷியர், "என்ன சார், சைடு பிசினஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமைக்குள் பேங்க் முழுக்கப் பரவிவிட்டது.

சனிக்கிழமைதான் தீர்ப்பு நாள். ஹெட்டை ஒரு ஆட்டோவில் ஏற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அப்பாவும் வருவேன் என்றார். ஆட்டோவில் எப்படி? டிரைவர் பக்கத்தில் பிடித்து, காலை வெளியே நீட்டி, ஒரு வழியாக ஏற்றினோம். வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பட்டறை போய்ச் சேரும்வரை வேறு எதுவுமே சொல்லவில்லை.

பட்டறைக்காரர் ஹெட்டின் முகத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜைச் சொருகிப் பார்த்தார். நடுவில் லேசாக வளைவு. "இதை எடுத்துரலாம். கிராக் இருக்கான்னுதான் பார்க்கணும்." மண்ணெண்ணெயைத் தடவினார், நன்றாகத் துடைத்தார், சாக்பீஸ் தூளைப் பூசினார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் திரும்ப ஊறி, வெள்ளைத் தூளில் ஈரக்கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். மெஷின், ஸ்கேன் ஒன்றும் கிடையாது.

பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். விரிசல் இருந்தால் முப்பது வருஷத்து வண்டிக்கு வேறு ஹெட் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். திங்கட்கிழமை இரும்புக்காரர் தராசோடு வந்துவிடுவார். டீ வந்தது. மாமா குடித்தார். அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய பத்தாம் கிளாஸ் ரிசல்ட் அன்றைக்கு அவர் இப்படித்தான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நம்பர் இருக்கணும். இதில் கோடு இருக்கக் கூடாது.

கோடு இல்லை.

"ஹெட்டு தங்கம் சார்" என்றார் பட்டறைக்காரர். அப்பா ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொரு டீ சொல்லு" என்றார்.

ஹெட்டைச் சமமாக இழைத்து வாங்கிக்கொண்டு வீடு வந்ததும் புதுக் கேஸ்கட்டைப் போட்டு மூடிவிடலாம் என்று எனக்கு அவசரம். மாமா நகரவில்லை. "வரப்பு ஏன் உடைஞ்சுதுன்னு பார்க்காம மண்ணை வெட்டிப் போடுறவன் விவசாயியே இல்லை மாப்ளே. வடிகால்ல எங்கே அடைப்புன்னு பாரு."

நம்மில் பல பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். கேஸ்கட் தானாகச் சாவதில்லை, யாரோ கொல்கிறார்கள். ரேடியேட்டரைக் கழற்றினோம். முன்பக்கம் உளுந்தம் பொட்டும் சருகும் மெழுகி வைத்த மாதிரி அடைத்திருந்தது. காற்று எந்த வழியாகப் போகும்? அது பாதிக் கதைதான். உள்ளே பார்த்தால் குழாய்களெல்லாம் உப்பு. எங்கள் தெருவின் போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை வராது, தலைமுடிதான் வரும். அந்தத் தண்ணீரைத்தான் இத்தனை வருஷமாக ரேடியேட்டரும் குடித்திருக்கிறது. உளுந்து வெறும் கடைசி உதைதான். குழி முன்னாலேயே பாதி வெட்டியிருந்தது. ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியைப் பற்றவைப்பு எடுத்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்திக் கொடுத்தார்கள். வெளியே கொட்டின உப்பில் ஒரு மாசம் ஊறுகாய் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டுகிற வேலை. இதில்தான் எனக்கும் மாமாவுக்கும் சண்டை.

டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு டார்க் ரெஞ்ச் வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன். எவ்வளவு இறுக்கம் என்று முள் காட்டுகிற ஸ்பானர் அது. இந்த எஞ்சின் இங்கிலாந்தில் பி.எம்.சி. கம்பெனிக்காரர்கள் செய்த பி சீரிஸ் வம்சம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூலமாக நம்ம ஊருக்கு வந்தது. அதே 1489 சி.சி. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கேற்றி, 1955-ல் எம்.ஜி.ஏ. என்கிற ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்தார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு எங்கள் கார் மேல் மரியாதையே வந்துவிட்டது. அவர்களுடைய ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் எந்த நட்டை முதலில், எந்த நட்டைக் கடைசியில், எவ்வளவு இறுக்கணும் என்று படம் போட்டே இருக்கிறது. நடுவில் ஆரம்பித்து ரெண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் இல்லை, மூணு தவணையில்.

"இந்தக் கைக்கு மேல ஒரு ரெஞ்சா? என் கையே முள்ளு மாப்ளே" என்றார் மாமா.

"சரி மாமா, நீங்க இறுக்குங்க. நான் அளக்கறேன்."

இறுக்கினார். அளந்தேன். 11-ல் எட்டு கச்சிதம். நிஜமாகவே கச்சிதம், எனக்கு ஆச்சரியம்தான். ஒண்ணு கூடுதல். ரெண்டு குறைச்சல். குறைந்தது ரெண்டும் மூணாம் சிலிண்டர் பக்கத்தில். மாமா ஒன்றும் சொல்லாமல் மூக்கைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றையும் தளர்த்தினார். நான் ஒன்றும் கேட்காமல் முதலிலிருந்து ரெஞ்சோடு ஆரம்பித்தேன்.

(அதற்கு முன்னால், கேஸ்கட்டைப் போடும்போது அதன் மேலேயே ஆங்கிலத்தில் 'ஃப்ரண்ட்', 'டாப்' என்று அச்சடித்திருப்பார்கள். படித்துவிட்டுப் போடவும். திருப்பிப் போட்டால் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேராது.)

டேப்பெட் செட் பண்ணுவதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. பேங்க்காரன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மொத்தம் எட்டு வால்வு. எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒண்ணாவதற்கு இடைவெளி வைக்கணும். ஆறு திறந்திருந்தால் மூணு. நாலு திறந்திருந்தால் அஞ்சு. எப்போதும் கூட்டினால் ஒன்பது! இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பாகம். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வரவேண்டும். தோசை மாவில் கரண்டி வருகிற மாதிரி என்றாள் என் மனைவி. எந்த வால்வு திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம் அப்போது அவளுக்குக் கிடைத்திருந்தது. ஆல்ட்டோவை மறந்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன், ஒத்திவைத்திருந்தாள்.

புது ஆயில், புது ஃபில்டர். போர் தண்ணீருக்குப் பதில் கேனில் வாங்கின சுத்தத் தண்ணீர், அதோடு கூலன்ட். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா டைரியைப் புரட்டி ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். பெரிய நட்டு 11, போட்டாச்சு. சின்ன நட்டு 4, போட்டாச்சு. புஷ் ராடு 8. வாஷர், கிளிப், ஓஸ்... எல்லாவற்றுக்கும் நேரே டிக். கடைசியில் கோடு இழுத்து எழுதினார்: 'கையிருப்பு - இல்லை'. மார்ச் கடைசியில் இப்படி ஒரு குளோசிங் எங்கள் கிளையில் நான் பார்த்ததே கிடையாது.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான்" என்றார் மாமா.

அப்பா கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், காலை உள்ளே எடுத்து வைத்தார். செல்ப் போட்டார். ரெண்டு தடவை இருமல். மூணாவது தடவை பிடித்துக்கொண்டது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை மண்டிக்கொண்டு வர, ஜன்னலிலிருந்து அம்மா, "அப்பவே சொன்னேன்!" என்றாள். குழாய்க்குள் தங்கின பழைய தண்ணீர் காய்கிறது. கொஞ்ச நேரம் அப்படித்தான் வரும் என்று மாமா சமாதானப்படுத்தினார். அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். புகை மெலிந்து, நின்றது. ரேடியேட்டரில் குமிழி இல்லை. பிளக் ஒயரை மாற்றி மாற்றிக் காதை வைத்து மாமா கேட்டார். நாலும் ஒரே தாளம்.

எஞ்சின் சூடேறி இறங்கினதும் நட்டுகளை மறுபடி ஒரு ரவுண்டு இறுக்கிப் பார்த்து, டேப்பெட்டையும் திரும்ப அளந்தோம். 500 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை. புதுக் கேஸ்கட் அழுந்தி அமரும். அதனால் இந்தச் சடங்கு. செலவு, லேத், ரேடியேட்டர், ஆயில் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள். பழைய இரும்புக்காரருக்கு அப்பாவே போன் போட்டு, "இப்ப இல்லை" என்று சொன்னார். 'வேண்டாம்' என்று சொல்லவில்லை பாருங்கள்; கணக்கர் கணக்கர்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பானரோடு புதுக் கார் பானெட்டைத் திறந்துவிட வேண்டாம். இப்போதைய வண்டிகளில் ஹெட் அலுமினியம். சூட்டில் சீக்கிரம் கோணும். கேம் ஷாஃப்டே ஹெட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். டைமிங் ஒரு பல் தவறினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டை ஒரு தடவை கழற்றினால் மறுபடி போடக் கூடாது. அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள். ஆனால் பானெட்டின் முன்னால் குனிந்து ரேடியேட்டரில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்க எந்த சர்டிபிகேட்டும் தேவையில்லை. மார்ச், ஏப்ரலில் டெல்டா ரோட்டில் போகிறவர்கள் அவசியம் பார்க்கவும். அடியில் சைலன்சரில் சுற்றிக்கொண்ட செடியையும் எடுத்துவிடவும், சூட்டில் பற்றிக்கொள்ளும்.

கார் அதற்கப்புறமும் ஓடியது. பதினைந்து வயசு தாண்டின காருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினபோது, அம்மா அந்த பேப்பரை மடித்து அப்பாவின் காபி டம்ளருக்குக் கீழே வைத்தாள். அது தனிக் கதை.

2016-லும் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. செப்டம்பர் 20-ம் தேதிதான் திறந்தார்கள். ஜூலையில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மாமாவிடமிருந்து போன். பின்னால் தவளைச் சத்தம்கூட இல்லை, அவ்வளவு காய்ச்சல்.

"மாப்ளே, தூங்கிட்டியா? எஞ்சின் மறுபடி ஊதிருச்சு. கேஸ்கட்டு வாங்கி வச்சிருக்கேன்..."

"காலையில வர்றேன் மாமா."

"நீ வர வேண்டாம். மச்சானைக் கார்ல அனுப்பு. அவர்கிட்ட அந்த முள்ளு வச்ச ரெஞ்சைக் கொடுத்துவிடு."